ஆண், பெண், திருநர்: நின்றுபோன பேச்சை மறுபடி தொடங்குவது எப்படி

"ஆம்பளைங்களே இப்படித்தான்." "பொம்பளைங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" இந்த இரண்டில் ஒன்று வாயிலிருந்து வந்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய நிமிடம் வரை மருந்து யார் வாங்குவது, மீட்டிங்கில் யார் குறுக்கே பேசியது, லேட்டாக வருவதை ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று ஏதோ ஒரு விஷயம் இருந்திருக்கும். இப்போது அது காணாமல் போய், உலகத்தில் இருக்கிற எல்லா ஆண்களும் எல்லாப் பெண்களும் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அத்தனை பேருக்காகவும் நீங்கள் இரண்டு பேர் வாதாட வேண்டும். அது யாராலும் முடியாது.

அதனால் நான் இங்கே சொல்லப்போவது அடிப்படையில் ஒன்றுதான். பெரிய சண்டையை விட்டுவிட்டு அதில் உங்கள் முன்னால் இருக்கும் ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். எதிரே இருப்பவர் "ஆமா, இதைத்தான் சொல்ல வந்தேன்" என்று சொல்லும் வரை கேளுங்கள். பிறகு அந்த விஷயத்தில் யார் என்ன செய்வது என்பதை மாற்றுங்கள். மூன்றாவதை விட்டுவிட்டு முதல் இரண்டோடு நின்றால் ஒரு வாரம் இதமாக இருக்கும், அப்புறம் பழைய கோபம் முன்பைவிடக் கெட்டியாகத் திரும்பி வரும். காரணம், "அவ்வளவு சொல்லியும் மாறலையே" என்பதும் இப்போது கணக்கில் சேர்ந்திருக்கும்.

முதலில், பேசக்கூடிய நிலைமைதானா?

எல்லாப் பிளவையும் பேசித் தீர்த்துவிடலாம் என்று நான் நம்பவில்லை. அடி வாங்கிக்கொண்டிருப்பவரிடம் போய் "மனசு விட்டுப் பேசுங்க, சரியாயிடும்" என்று சொல்வது அவரை மறுபடி அடி வாங்க அனுப்பிவைப்பதுதான். உலகம் முழுக்க ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் ஒரு முறையாவது உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பகுதி கணவரோ காதலரோ செய்வது. இது எங்கோ நடக்கிற அபூர்வ விஷயம் இல்லை, ஆகவே இதைக் கடைசியில் ஒரு குறிப்பாகப் போடாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: "மனசுல இருக்கறதைச் சொன்னா எனக்கு என்ன ஆகும்?" கோபப்படுவார், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்றால், சரி, கஷ்டம்தான், ஆனால் பேசலாம். அடிப்பார், போனைப் பிடுங்கிவிடுவார், வேலை போய்விடும், வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்பது பதிலாக இருந்தால், இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் இப்போது செய்யாதீர்கள். நம்பகமான ஒருவர், பாதுகாப்பான ஓர் இடம், தேவைப்பட்டால் சட்ட உதவி, இதெல்லாம்தான் முதலில். மனைவியிடம் அடி வாங்குவதை வெளியே சொல்ல முடியாமல் இருக்கும் ஆணுக்கும் இதுதான், தன்னை யாரென்று சொன்னால் வீட்டில் சேர்க்கமாட்டார்கள் என்று பயப்படும் திருநர் பிள்ளைக்கும் இதுதான்.

இன்னொன்று, அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர் "என்கிட்ட தைரியமா பேசு" என்று மற்றவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. சம்பள உயர்வைத் தீர்மானிக்கிற மேலதிகாரி அப்படிச் சொன்னால் கேட்பவருக்கு அது அழைப்பாகத் தெரியாது, பரீட்சையாகத்தான் தெரியும். பேசினால் எந்தப் பாதிப்பும் வராது என்பதை முன்னதாகவே நடத்தையில் காட்டிவிட்டுத்தான் பேசக் கூப்பிட வேண்டும்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது

"அவங்க மனசே வேற மாதிரி" என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்தால் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது, ஏனென்றால் பதில் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஜேனட் ஹைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2005-ல், ஆண் பெண் வேறுபாடுகளைப் பற்றிய 46 தொகுப்பாய்வுகளை, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஆய்வுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தார். நினைவாற்றல், பேச்சுத் திறன், தன்மதிப்பு, தலைமைப் பண்பு என்று அளக்கப்பட்ட வேறுபாடுகளில் 78 சதவீதம் சிறியவை அல்லது கிட்டத்தட்ட இல்லாதவை. பந்தை எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் எறிகிறார்கள் என்பது போன்ற சிலவற்றில்தான் பெரிய இடைவெளி. அதாவது எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனம் பெரும்பாலும் உங்களுடையதைப் போலத்தான் வேலை செய்கிறது.

ஆனால் தலையில் ஏற்றப்பட்டிருக்கும் பாரம் வேறு. சமையல், துப்புரவு, குழந்தை, முதியோர் பராமரிப்பு என்று சம்பளமில்லாத வேலைக்குப் போகும் மொத்த நேரத்தில் 76 சதவீதத்துக்கு மேல் பெண்களுடையது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018-ல் கணக்கிட்டது. இன்னொரு பக்கம், உலக அளவில் தற்கொலை செய்துகொண்டு இறக்கும் ஆண்களின் விகிதம் பெண்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கஷ்டத்தை வெளியே சொல்லாதே, அழாதே, நீதான் தாங்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே பழக்கிவிட்டதற்கு இதில் பங்கு உண்டு.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது ஒரு தவறு நடக்கும், அதைக் கவனமாகத் தவிருங்கள். ஒருவர் வீட்டு வேலையைப் பற்றிப் பேசும்போது "ஆம்பளைங்க மட்டும் சந்தோஷமாவா இருக்காங்க?" என்று தற்கொலைக் கணக்கை எடுத்துப்போடுவதும், ஒரு ஆண் தன் தனிமையைப் பற்றி வாய் திறக்கும்போது "எங்க கஷ்டத்துக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு விஷயமா" என்று மூடுவதும் ஒரே தவறுதான். அவர் சொன்னது பொய் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் அது கேட்கப்படாமலே போய்விட்டது. உங்களுடையதையும் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள், அவருடையது முடிந்த பிறகு.

எப்போது, எந்த வாக்கியத்தில் தொடங்குவது

கொதிக்கும்போது பேசாதீர்கள். தம்பதிகளின் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்து பார்த்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டுகிற அளவுக்குப் படபடப்பு வந்துவிட்டால் எதிரே இருப்பவர் சொல்வது காதில் ஏறாது என்கிறார். உடம்பு பழைய நிலைக்கு வரக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். எழுந்து போவது தப்பில்லை, சொல்லாமல் எழுந்து போவதுதான் தப்பு. "இப்ப என்னால சரியா பேச முடியல, அரை மணி நேரம் கழிச்சு நானே வந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். நடுவில் இருக்கும் அந்த அரை மணி நேரத்தில் மனதுக்குள் வாதத்தைக் கூர்தீட்டிக்கொண்டிருந்தால் ஓய்வு எடுத்ததாகவே அர்த்தமில்லை, நடந்துவிட்டு வாருங்கள், எதையாவது துவைத்துக் காயப்போடுங்கள்.

தொடங்கும் வாக்கியத்தில் "எப்பவுமே", "ஒருநாளாவது", "உங்க ஆளுங்க" என்ற சொற்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். எந்த நாள், என்ன நடந்தது, எனக்கு என்ன ஆயிற்று, எனக்கு என்ன வேண்டும், இந்த நான்கும் இருந்தால் போதும். "நீ என்னை மதிக்கறதே இல்ல" என்பதற்குப் பதிலாக, "நேத்து உங்க ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி நான் பேசிட்டிருக்கும்போது நீங்க நடுவுல விளக்கம் சொல்ல ஆரம்பிச்சீங்க. எனக்கு அசிங்கமா போச்சு. நான் பேசி முடிக்கற வரைக்கும் நீங்க காத்திருக்கணும்." கேட்பதற்கு மென்மையாக இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முதல் வாக்கியத்துக்கு "மதிக்கிறேனே" என்று மட்டும்தான் பதில் சொல்ல முடியும். இரண்டாவதைக் கேட்டவருக்கு அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

கேட்பது: ஒரு அக்கா, ஒரு தம்பி

1951-ல் கார்ல் ராஜர்ஸ் என்ற உளவியலாளர் ஒரு எளிய விதியைச் சொன்னார். வாக்குவாதம் முற்றும்போது நிறுத்திவிட்டு, முன்னால் பேசியவர் சொன்ன கருத்தையும் அவருடைய உணர்வையும் அவருக்குத் திருப்தியாகும் அளவுக்குத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்தவர் தன் பேச்சைப் பேசலாம். சொல்வதற்குச் சுலபம். செய்து பார்த்தால் எவ்வளவு கடினம் என்று தெரியும், ஏனென்றால் நாம் பெரும்பாலும் கேட்பதில்லை, நம் முறை வருவதற்காகக் காத்திருக்கிறோம்.

வயதான அப்பாவைக் கவனித்துக்கொள்வதில் அக்காவுக்கும் தம்பிக்கும் மனத்தாங்கல் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"மாசாமாசம் பணம் அனுப்பறேனே அக்கா, அப்புறம் என்ன?"

"பணத்தை யாருடா கேட்டா? என்னைக்காவது நீயா போன் பண்ணி அப்பா மாத்திரை போட்டாரான்னு கேட்டிருக்கியா?"

"நீ சொன்னா செய்ய மாட்டேன்னா சொன்னேன்?"

"அதான்டா. நான் சொல்லணும்."

இந்த இடம்தான் முக்கியம். அக்காவின் கடைசி வரியில் எல்லாம் இருக்கிறது, ஆனால் வழக்கமாகத் தம்பி அதைக் கேட்கமாட்டான், "பொண்ணுங்களுக்கு எல்லாம் தன் கையிலயே இருக்கணும், அப்புறம் புலம்பணும்" என்று பெரிய சண்டைக்குள் போய்விடுவான். போகாமல் நின்றால் இப்படி வரும்:

"சரி, நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாரு. பணம் பத்தலைன்னு நீ சொல்லல. மருந்து எப்ப தீருது, டாக்டரை எப்ப பார்க்கணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கறது நீ ஒருத்திதான். அது கஷ்டமா இருக்கு. அப்படித்தானே?"

"பாதி சரி. கஷ்டம்கூட இல்லடா. நான் ஒருநாள் மறந்துட்டா அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம். அந்தப் பயம் எனக்கு மட்டும்தான் இருக்கு."

"பாதி சரி" என்ற பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அது நல்ல அறிகுறி, திருத்திச் சொல்லும் அளவுக்கு அவர் உங்களை நம்பத் தொடங்கியிருக்கிறார். திருப்பிச் சொல்லிப் பார்க்காமல் இருந்தால் அந்தப் பயம் வெளியே வந்தே இருக்காது. இப்போது முறை மாற வேண்டும், அக்கா கேட்க வேண்டும். நல்லபடியாகக் கேட்கப்பட்டவருக்குத்தான் கேட்கவும் மனம் வரும்.

"உன் பக்கம் என்னடா?"

"ஆபீஸ்ல ஆளைக் குறைக்கறாங்க. அடுத்த மாசம் வேலை இருக்குமான்னு தெரியல. பணம் அனுப்பறது ஒண்ணுதான் நான் அப்பாவுக்குச் செய்யறது, அதுவும் நின்னுட்டா நான் எதுக்கு? யார்கிட்ட சொல்றது இதை?"

அக்காவும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று ஆறுதல் சொல்லி மூடிவிடாமல், "பணம் நின்னுபோனா உனக்கு இந்த வீட்டுல இடமே இல்லைன்னு நினைக்கறே, அப்படியா?" என்று கேட்க வேண்டும். அதன் பிறகு மாற்றம்: அப்பாவின் மாத்திரையும் டாக்டர் தேதிகளும் இனிமேல் முழுக்கத் தம்பியின் பொறுப்பு, தினமும் அப்பாவுக்கு அவனே போன் செய்வான். பணம் எவ்வளவு முடியும் என்று ஒவ்வொரு மாதமும் ஒளிக்காமல் சொல்வான், குறைந்தால் அக்கா குறை சொல்லமாட்டாள். அவனுக்கும் அப்பாவோடு பணம் தவிர வேறு ஒரு உறவு கிடைக்கிறது.

திருப்பிச் சொல்வதென்றால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே என்று சிலர் தயங்குவார்கள். ஆகாது. "நீ சொல்றது எனக்குப் புரியுது, ஆனா நான் அதை ஏத்துக்கல" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, புரிந்துகொண்ட பிறகு.

வேலையைப் பேப்பரில் எழுதுங்கள்

வீட்டில் யார் அதிகம் செய்கிறார்கள் என்ற சண்டையில் இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள், அவரவருக்குத் தெரிந்த உண்மையை. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-ல் தம்பதிகளிடம் ஒவ்வொரு வேலையிலும் தன் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இருவரும் சொன்னதைக் கூட்டினால் பெரும்பாலும் நூறைத் தாண்டியது. நாம் செய்ததெல்லாம் நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், அடுத்தவர் செய்ததில் நாம் பார்த்தது மட்டும்தான் தெரியும், அவ்வளவுதான் விஷயம், ஏமாற்றும் எண்ணம் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் நூறைத் தாண்டுகிறது என்பதற்காக இருவரும் சமமாகச் செய்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. எழுதிப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது, அதனால் எழுதுங்கள்.

ஒரு வாரம், இரண்டு பேரும் சேர்ந்து. கையால் செய்வது மட்டும் இல்லை, நினைவில் வைத்திருப்பதும் கவனித்துக்கொண்டிருப்பதும் தனி வரியாக வர வேண்டும்: குழந்தையின் செருப்பு சின்னதாகிவிட்டதைக் கவனிப்பது, கரண்ட் பில் கட்டும் தேதி, யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்குப் போன் செய்து விசாரிக்க வேண்டும், வண்டியின் இன்சூரன்ஸ், தண்ணீர் மோட்டாரின் சத்தம் மாறியிருப்பது. இதில் கடைசி இரண்டைப் பல வீடுகளில் ஆண்கள் யாருக்கும் தெரியாமலே செய்துகொண்டிருப்பார்கள், அதுவும் வரட்டும்.

பிரிக்கும்போது வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல் முழுதாகக் கொடுங்கள். "நான் உதவி பண்றேன், என்ன செய்யணும்னு சொல்லு" என்பது உதவியே இல்லை, சொல்கிற வேலை அவரிடமே இருக்கிறது. துணி என்றால் அழுக்குக் கூடை நிறைந்ததைப் பார்ப்பதில் தொடங்கி மடித்து அலமாரியில் வைப்பது வரை ஒருவர். வாங்கிக்கொண்டவர் அவர் முறையில் செய்வார், சட்டையை வேறு மாதிரி மடிப்பார், கொடுத்தவர் பின்னாலேயே போய்ப் பிரித்து மடிக்கக்கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல நல்ல முயற்சிகள் இந்த இடத்தில்தான் உடைகின்றன: ஒருவர் "நான் செஞ்சா உனக்குப் பிடிக்காது" என்று ஒதுங்குகிறார், மற்றவர் "சொன்னேன்ல, இவரால முடியாது" என்று திரும்ப எடுத்துக்கொள்கிறார். எந்த அளவுக்குச் சுத்தம் போதும், எந்தத் தேதிக்குள் முடிந்தால் போதும் என்பதை முன்பே ஒரு தடவை பேசிக்கொண்டால் இதில் பாதி குறையும்.

ஒரு குழுவாக உட்கார வேண்டியிருந்தால்

அலுவலகம், கல்லூரி, சங்கம், குடும்பக் கூட்டம் எதுவாக இருந்தாலும், வெவ்வேறு தரப்பு மனிதர்களைச் சும்மா ஓர் அறையில் உட்கார வைத்தால் மட்டும் ஒன்றும் நடக்காது. கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-ல் நான்கு நிபந்தனைகள் சொன்னார்: அந்த இடத்தில் எல்லாருக்கும் சம அந்தஸ்து, எல்லாருக்கும் பொதுவான ஒரு இலக்கு, அதற்காகப் போட்டியில்லாமல் சேர்ந்து வேலை செய்வது, பொறுப்பில் இருப்பவர்களின் வெளிப்படையான ஆதரவு. இவை இருந்தால் ஒருவரோடு ஒருவர் பழகும் பழக்கம் தப்பெண்ணத்தைக் குறைக்கும் என்றார். 2006-ல் 515 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்தபோது, பழக்கம் பொதுவாகவே தப்பெண்ணத்தைக் குறைக்கிறது, இந்த நிபந்தனைகள் இருந்தால் இன்னும் அதிகமாகக் குறைக்கிறது என்று தெரிந்தது.

ஆணும் பெண்ணும் விஷயத்தில் ஒரு கேள்வி வரும். பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில்தானே இருக்கிறார்கள், பழக்கத்துக்கு என்ன குறை? என் பதில், முதல் நிபந்தனை குறை. ஒருவர் உட்கார்ந்திருக்க ஒருவர் பரிமாறுகிற பழக்கம் எத்தனை வருடம் நீடித்தாலும் புரிதலைக் கொடுக்காது. அதனால் கூட்டம் நடத்துகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, யார் நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள், யார் குறிப்பு எழுதுகிறார்கள், யார் தலைமையில் உட்காருகிறார்கள் என்பதை. அதை முறை வைத்து மாற்றுங்கள், பிறகு பேச ஆரம்பியுங்கள்.

பேச்சு முறைக்கு நான் அதிகம் நம்புவது உள்வட்டம் வெளிவட்டம். ஒரு தரப்பினர் உள்ளே வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் பேசுவார்கள், மற்றவர்கள் வெளியே சுற்றி உட்கார்ந்து கேட்க மட்டும் செய்வார்கள், தலையாட்டல், சிரிப்பு, பெருமூச்சு எதுவும் கூடாது. இருபது இருபத்தைந்து நிமிடம். முடிந்ததும் வெளியே இருந்தவர்கள் தாங்கள் கேட்டதைச் சொல்ல வேண்டும், கருத்து இல்லை, கேட்டதை மட்டும். பிறகு இடம் மாற்றிக்கொள்ளலாம். பதில் சொல்லும் வாய்ப்பே இல்லை என்றானதும் மனிதர்கள் முதல் தடவையாக நிஜமாகக் கேட்கிறார்கள். தங்களை எந்த வட்டத்திலும் வைத்துக்கொள்ள விரும்பாதவர்கள் இருப்பார்கள், யாரையும் நீங்களாகப் பிரிக்காதீர்கள், அவர்களே எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்யட்டும், மூன்றாவது வட்டம் வேண்டுமென்றால் அதையும் போடுங்கள்.

என்ன கேள்வி கேட்பது? 1989-ல் அமெரிக்காவில் தொடங்கிய பொது உரையாடல் திட்டம் என்ற குழு, கருக்கலைப்பு விஷயத்தில் எதிரெதிராக நின்றவர்களை உட்கார வைத்துப் பேச வைத்தது. அவர்கள் மூன்று மாதிரிக் கேள்விகளைக் கேட்டார்கள்: இந்த விஷயத்தோடு உங்கள் வாழ்க்கை எப்படித் தொடர்புபட்டது, இதில் உங்களுக்கு மிக முக்கியமானது எது, உங்கள் நிலைப்பாட்டில் உங்களுக்கே குழப்பமாக இருக்கும் இடம் எது. மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். "பெண்கள் ராத்திரி வேலைக்குப் போவதை நான் ஆதரிக்கிறேன், ஆனால் என் மகள் என்றால் தூங்கமாட்டேன்" என்று ஒருவர் உங்கள் கூட்டத்தில் சொல்லும்போதுதான் எதிர்த் தரப்புக்கு அவர் ஒரு கட்சியாகத் தெரியாமல் மனிதராகத் தெரிகிறார்.

குறுக்கே பேசுவதை நல்லெண்ணத்தை நம்பி விடாதீர்கள், விதி போடுங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே, பெண் நீதிபதிகள் பேசும்போது ஆண் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் அளவுக்கு மீறிக் குறுக்கிடுகிறார்கள் என்று 2017-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2021-ல் அந்த நீதிமன்றம் ஒவ்வொரு நீதிபதிக்கும் வரிசையாகக் கேள்வி கேட்க வாய்ப்புக் கொடுக்கும் முறையைச் சேர்த்தது. அந்த மாற்றத்துக்கு இத்தகைய ஆய்வுகளும் ஒரு காரணம் என்று நீதிபதி சோனியா சோட்டோமயோர் சொன்னார். நாட்டின் உச்ச நீதிபதிக்கே முறை வைத்துத்தான் பேச்சு கிடைக்கிறது என்றால் உங்கள் மீட்டிங்கிலும் முறை வைப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

அறையில் ஒரே ஒரு பெண்ணோ ஒரே ஒரு திருநங்கையோ இருந்தால் "நீங்க சொல்லுங்க, பெண்கள் என்ன நினைக்கிறாங்க?" என்று கேட்காதீர்கள். அவருக்குத் தான் நினைப்பது மட்டும்தான் தெரியும்.

திருநரோடு பேசும்போது

இங்கே பிளவு பெரும்பாலும் பழக்கமே இல்லாததால் வருவது, அதனால் அடிப்படை மரியாதையிலிருந்து தொடங்கலாம். அவர் சொல்லும் பெயரால் கூப்பிடுங்கள், பழைய பெயரைக் கேட்காதீர்கள். ஆபரேஷன், உடம்பு பற்றிய கேள்விகளை முதன்முதலில் பார்த்த வேறு யாரிடமாவது கேட்பீர்களா என்று யோசித்தால் போதும். தவறிப்போய்ப் பழைய பெயர் வந்துவிட்டால் ஒரு "ஸாரி" சொல்லித் திருத்திக்கொண்டு மேலே பேசுங்கள். பத்து நிமிடம் வருத்தப்பட்டுப் பேசினால் உங்களைச் சமாதானப்படுத்தும் வேலை அவர் தலையில் விழும். இது நோய் என்று யாராவது சொன்னால், உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற புதிய நோய்ப் பட்டியலில் இதை மனநோய்கள் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது என்று அமைதியாகச் சொல்லலாம்.

ஆனால் தகவல் மட்டும் மனதை மாற்றுவது அரிது. டேவிட் ப்ரூக்மன், ஜோஷுவா காலா இருவரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மயாமி பகுதியில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் சுமார் 10 நிமிடம் பேசினார்கள். வாதாடவில்லை. நீங்கள் மற்றவர்களைவிட வேறாக இருந்ததற்காக யாராவது உங்களைத் தப்பாக எடைபோட்டது உண்டா, அப்போது எப்படி இருந்தது என்று கேட்டு, அதைச் சொல்ல விட்டு, திருநருக்கு நடப்பதும் அது போலத்தான் இருக்குமோ என்று யோசிக்க விட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தின் தாக்கம் மூன்று மாதம் கழித்தும் இருந்தது. வீட்டில் ஒரு மாமாவோ சித்தியோ கடுமையாகப் பேசினால் இதைச் செய்து பாருங்கள்: "மாமா, உங்களை யாராவது ஒரு வார்த்தைகூடக் கேட்காம ஒதுக்கி வச்சிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பெரும்பாலும் ஒரு கதை வரும். அது முடியும் வரை உங்கள் கருத்தை உள்ளே இழுக்காதீர்கள்.

கிண்டலும் மன்னிப்பும்

பிளவைப் பெரிதாக்குவது பெரிய சண்டைகள் மட்டும் இல்லை, நண்பர்கள் வட்டத்தில் தினமும் ஓடுகிற கிண்டலும்தான். ஒரு ஆண் சொன்ன கிண்டலை இன்னொரு ஆண் "இது வேண்டாம்டா" என்று சொன்னால் உடனே நிற்கும், ஒரு பெண் சொன்னால் "இதுக்கெல்லாம் கோவமா?" என்று திரும்பி வரும். ஆகவே அந்த வேலை அந்தந்தக் கூட்டத்தில் இருப்பவருடையது. ஆண்களை மொத்தமாகக் கேவலப்படுத்தும் பேச்சு பெண்கள் கூட்டத்தில் வந்தால் அதுவும் அப்படியே. எல்லார் முன்னாலும் அவமானப்படுத்த வேண்டியதில்லை, தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் கேட்பவர்கள்தான் அதிகம். ஆனால் யாரைப் பற்றிச் சொன்னாரோ அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்களும் சிரித்தவர்களில் ஒருவராகத்தான் அவருக்குத் தெரிவீர்கள்.

மன்னிப்புக் கேட்கும்போது "உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா ஸாரி" என்று கேட்காதீர்கள். என்ன செய்தேன், அதனால் உனக்கு என்ன ஆயிற்று, இனிமேல் என்ன செய்வேன், இந்த மூன்றும் இருக்கட்டும், உடனே மன்னித்துவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லாமல். வருடக்கணக்காகச் சேர்ந்த காயத்துக்கு ஒரு நல்ல சாயங்காலம் போதாது.

எதிரே இருப்பவர் பேச உட்காரவே மறுத்தால் கட்டி இழுக்காதீர்கள். உங்கள் பக்கம் மாற்ற முடிந்த ஒன்றை, பதிலுக்கு எதுவும் கேட்காமல், மாற்றுங்கள். ஒரு மாதம் விட்டு மறுபடி கூப்பிடுங்கள், இந்த முறை இன்னும் சின்ன விஷயத்துக்கு. உட்கார்ந்து பேசி முடிவெடுத்தவர்களும் அதே போல ஒரு மாதம் கழித்து ஒரு நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அன்று இரண்டு கேள்வி போதும்: சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை. நடக்காததற்குக் காரணம் சோம்பலா, மறதியா, அல்லது பங்கீடே சரியில்லையா என்று பாருங்கள், மூன்றாவதாக இருந்தால் பங்கீட்டை மாற்றி எழுதிவிட்டு அடுத்த தேதியைக் குறியுங்கள்.